தூணின் நடு

புதுக் கட்டடத்துக்கு மாறி ஏழு வாரம் ஆகியிருந்தது. காலை பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய மருந்து லாரிகள் பன்னிரண்டரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, தினமும். ஒழுகும் கூரையும் ஒரே வாசலுமாக இருந்த பழைய கிடங்கில்கூடப் பத்தேகாலைத் தாண்டியதில்லை. இங்கே ஆறு கதவுகள், ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு ரேக்குகள், முகம் பார்க்கக்கூடிய தரை. எல்லாம் இருந்தும் லாரிகள் கதவுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

அந்த இரண்டரை மணி நேரத் தாமதம் முழுதும் வந்து விழுந்த இடம் அவளுடைய மேசை. ஆர்டர் பிரிவில் போனை எடுப்பது அவள். மருந்துக்கடைக்காரர்கள் கோபமாகக் கேட்டார்கள், சின்ன ஆஸ்பத்திரிகளின் ஸ்டோர்காரர்கள் கெஞ்சினார்கள். ஒரு ஸ்டோர்காரர் மட்டும் கோபப்படவும் மாட்டார், கெஞ்சவும் மாட்டார். நீங்கள் அனுப்பும் குளுகோஸ் பாட்டில் வந்து சேர்வதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்கே போய்விடுகிறார், உங்கள் புண்ணியத்தில் எங்கள் டாக்டருக்கு நல்ல பெயர் என்பார். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். வண்டி கிளம்பிக்கொண்டே இருக்கிறது.

அவள் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அந்தக் கட்டடத்துக்குள் எது எங்கே நிற்க வேண்டும், வண்டி எந்த வழியாக வர வேண்டும், எந்தப் பெட்டி கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர் அவர்தான். பிளான் முடிந்து ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. ரேக் மாட்டும் ஆட்கள் வருவதற்குப் பதினெட்டு நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் சுருக்கென்று படவில்லை. பல் துலக்கினாள். பஸ்ஸைப் பிடித்தாள். சோறு வெந்துவிட்டதா என்று பார்த்து இறக்கினாள். யாராவது ஆறுதல் சொன்னால், சொன்னவர் மனம் நோகக் கூடாதே என்று தலையை ஆட்டினாள். அழுகை வரும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும்தான். வரவில்லை. பிறகு அவர்கள் காத்திருப்பதை விட்டார்கள்.

கிடங்கில் அவருக்கு இன்ச் அண்ணன் என்று பெயர். அவர் அளந்தது எல்லாம் சென்டிமீட்டரில்தான், ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் ஒட்டிக்கொண்டது. எப்போதும் இடுப்பில் டேப் தொங்கும். டீக்கடை பெஞ்சில் உட்காரும் முன்பு அதையும் அளந்துவிட்டுத்தான் உட்காருவார் என்று கேலி செய்வார்கள். அவர் அண்ணன் என்பதால் அவள் எல்லோருக்கும் அண்ணி. அவர் போன பிறகு மேனேஜர் அந்தக் கடைசிப் பிளானைக் கண்ணாடி போட்டு வாசலருகே மாட்டினார். வேறு கிளைகளிலிருந்து வருகிறவர்கள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதனால் லாரிகள் தாமதமானபோது பிளானில் கோளாறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் வாயைத் திறக்கவில்லை. பிளான் சரி என்றால் ஆட்கள்தான் சரியில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, மூன்று நாள் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு விநாடி விநாடியாகக் குறித்துக்கொண்டு போனார். அவர் தாளில் கடைசியில் மிஞ்சிய பெயர் காத்துவின் பெயர்.

காத்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒன்பது வருஷம். பழைய கிடங்கில் பேலட்டைத் தூக்கிக்கொண்டு அவர் போகும் வேகத்துக்குத்தான் அந்தப் பெயர். பெட்டிகள் அடுக்கிய மரச்சட்டத்துக்குப் பேலட் என்று பெயர். ரேக்குகளின் உள்ளிருந்து மற்ற இரண்டு வண்டிகள் பேலட்டுகளைக் கொண்டுவந்து வழியின் முனையில் வைக்கும். அங்கிருந்து எடுத்து, முதல் ரேக்குக்கும் கதவுகளுக்கும் நடுவில் உள்ள வழியில் திரும்பி, லாரிக்குள் கொண்டு வைப்பது காத்துவின் வேலை. தினம் இருநூற்றிருபது பேலட். பழைய இடத்தில் ஒன்றுக்கு எண்பது விநாடி ஆயிற்று. இங்கே நூற்றிருபது. லாரியில் சரக்கு ஏற்றும் ஆட்கள் அவரைப் பார்த்து, "என்னப்பா, காத்து எறங்கிடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார்.

புதன்கிழமை மத்தியானம் அவர் அவள் மேசைக்கு வந்தார். அலுவலகத்துக்குள் அவர் வருவது அபூர்வம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போனை அவள் கீழே வைக்கும்வரை நின்றார். வெள்ளிக்கிழமை தன்னிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு பெட்டி அடுக்கும் வேலைக்குப் போடப்போகிறார்கள் என்று சூப்பர்வைசர் காதில் போட்டுவிட்டாராம். ஒன்பது வருஷ லைசென்ஸ். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"அண்ணி, அண்ணன் போட்ட பிளான்ல குத்தம் சொல்றேன்னு மட்டும் நெனச்சுடாதீங்க."

"சொல்லுங்க."

"முன்னாடி வழியில வண்டி ஒரே திருப்புல திரும்ப மாட்டேங்குது. முன்னாடி போயி, பின்னாடி இழுத்து, மறுபடி முன்னாடி போறேன். ஒவ்வொரு பேலட்டுக்கும். என் கைதான் மரத்துப்போச்சோன்னு மொதல்ல நெனச்சேன்."

"இத மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போனவர் மேல பழியப் போட்டு என் சாவியக் காப்பாத்திக்கணுமா? வேணாம் அண்ணி. நீங்க ஒரு தடவ வந்து பாத்தாப் போதும். நெசமா நான் மெதுவாத்தான் ஓட்டறேனான்னு சொல்லுங்க."

அவள் போய்ப் பார்த்தாள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றாள். வண்டி பேலட்டோடு வந்தது, திரும்பியது, ரேக்கின் காலில் இடிக்க ஒரு கை அகலம் இருக்கையில் நின்றது, கூவிக்கொண்டே பின்னால் வந்தது, மறுபடி திரும்பியது. பின்னால் வந்த இன்னொரு வண்டி அது நகரும்வரை நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவள் பன்னிரண்டு பேலட் வரை எண்ணினாள். பன்னிரண்டும் அப்படியே. இடம் கொஞ்சம் போதவில்லை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது அளக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கட்டடத்தை முதலில் அளந்த நாளில் அவள் அங்கே இருந்தாள். அது யாருக்கும் தெரியாது. விடுமுறை நாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. சும்மா வா, முடித்துவிட்டு அப்படியே கடைத்தெருவுக்குப் போகலாம் என்று கணவர் கூட்டிக்கொண்டு போனார். காலிக் கட்டடம், பேச்சு எதிரொலித்தது. அவர் கதவுச் சுவரில் டேப்பின் பெட்டியை வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். அவள் முனையை இழுத்துக்கொண்டு முதல் தூண் வரிசைக்கு நடந்தாள். தூண் அறுபது சென்டிமீட்டர் சதுரம். டேப்பின் முனையில் இருக்கும் கொக்கி தூணின் நடுவில் நிற்காது, மாட்டிக்கொள்ள ஏதாவது விளிம்பு வேண்டும். அவள் அதைத் தூணின் அந்தப் பக்க விளிம்பில் மாட்டினாள். முப்பது கழித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்த அந்த நேரம், கடைத்தெருவில் திரைச்சீலை வாங்குவதா, இருக்கிறதையே துவைத்துப் போடுவதா என்று வேறொரு நினைப்பு குறுக்கே வந்தது.

அங்கிருந்து அவர் கேட்டார், "நடுவுலதானே?"

"ம்," என்றாள் அவள்.

வீட்டில் அவர் எதைச் சொன்னாலும் அவள் கொட்டுகிற அதே ம். ரேக்கைப் பற்றியும் கதவைப் பற்றியும் அவர் மணிக்கணக்காகச் சொல்வார். மருந்து எப்போது போய்ச் சேரும் என்பதை லாரி முடிவு செய்வதில்லை, பெட்டியை எங்கே வைத்தோம் என்பதுதான் முடிவு செய்கிறது என்பார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ம் கொட்டுவாள். கேட்டாளா இல்லையா என்று அவர் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

ரேக்குகள் தூண் வரிசையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக நிற்கும்படி அவர் வரைந்திருந்தார். மாட்டிய ஆட்கள் தூணைப் பார்த்து மாட்டினார்கள், அதில் பிசகில்லை. ஆனால் சுவருக்கும் தூணின் நடுவுக்கும் உள்ள தூரம் பிளானில் முப்பது சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. காகிதத்தில் வழி மூன்று மீட்டர் அறுபது. தரையில் அது எவ்வளவு என்று யாரும் டேப் வைக்கவில்லை. அவர் இருந்திருந்தால் ரேக் மாட்டிய முதல் நாளே வைத்திருப்பார்.

வேலை முடிந்து ஆட்கள் கை கழுவப் போன பிறகு அவள் காத்துவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தாள். மூன்று முப்பது. காத்து எண்ணைப் பார்த்தார். வாசலில் தொங்கிய பிளானுக்குப் போய் அதையும் பார்த்துவிட்டு வந்தார். நாளைக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது பத்திரமாகப் போகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். கணவரின் ஒரே தங்கை, இரண்டு தெரு தள்ளி வீடு. அண்ணன் இருந்தவரை மாதம் ஒருமுறை வந்தவள், இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பிளானுக்குக் கண்ணாடி போட்டதில் இவளைவிட அவளுக்குத்தான் பெருமை. அலுவலக வாசலுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அன்றும் அதைப் பற்றித்தான் பேச்சு. பிள்ளை இல்லை, சொந்த வீடு இல்லை, ஒரு நிலம் நீச்சு இல்லை, அவன் இருந்தான் என்பதற்கு அந்த ஒரு காகிதம்தானே அண்ணி என்றாள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். காத்து சாவியைக் கொடுத்துவிடுவார். வேறொருவர் வந்து அதே மூன்று இழுப்பு இழுப்பார், கொஞ்ச நாளில் அவர் சாவியும் போகும். லாரி பன்னிரண்டரைக்கே கிளம்பும், அதுவே வழக்கம் என்று ஆகிவிடும். கணவருடைய பிளான் கண்ணாடிக்குள் இருக்கும். சொன்னால் அது இருக்காது. இரண்டு பக்கமும் அவளுக்கு ஒரே கனமாகத்தான் தெரிந்தது, அதாவது எதுவும் கனக்கவில்லை. எது சரி என்று தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனாள். சூப்பர்வைசரும் அங்கே இருந்தார், மேசை மேல் காத்துவின் மாற்றல் கடிதம் கையெழுத்துக்காக இருந்தது. மேனேஜர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். கணவர் போன பிறகு அவள் உள்ளே வந்தாலே மேனேஜர் எழுந்து நிற்கிறார்.

"முன்னாடி வழி மூணு முப்பதுதான் இருக்கு. பிளான்ல மூணு அறுபது. அளவு தப்பு," என்றாள்.

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். பிறகு மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவள் இன்னும் பத்து நாள் லீவு எடுத்துக்கொள்ளலாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்றார். காத்து பாவம்தான், அவள் மனசு தனக்குப் புரிகிறது, ஆனால் அதற்காக அவள் கணவரை, அதுவும் இறந்துபோனவரை, என்று இழுத்தார்.

"அவர் அளவெடுத்தப்போ அந்த முனையப் பிடிச்சது நான். தூணோட நடுவுல பிடிக்கல. அந்தப் பக்க ஓரத்துல பிடிச்சேன். நடுவுலதானேன்னு கேட்டார், ஆமான்னுட்டேன்."

சூப்பர்வைசர் முதல் முறையாக நிமிர்ந்தார். அவள் கணவரோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். "அண்ணி, அவரப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் முனையப் பிடிச்சா, நடுவான்னு கேப்பாரு, நான் ஆமாம்பேன், அப்பறமும் நடந்து வந்து கண்ணால பாத்துட்டுத்தான் எழுதுவாரு. எத்தன தடவ அவரத் திட்டியிருக்கேன் தெரியுமா? யார் சொன்னாலும் நம்பாத மனுஷன்."

"என்கிட்ட நடந்து வரல," என்றாள் அவள்.

வெளியே வண்டி பின்னால் வரும்போது கூவும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. சூப்பர்வைசர் கடிதத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனார். மூன்று பேர் அளந்தார்கள். பிறகு மேனேஜர் தானே முட்டி போட்டு அளந்தார், கால்சட்டையில் தூசி ஒட்டிக்கொண்டது. மூன்று முப்பது.

ரேக்கை நகர்த்த முடியாது, நடுவில் தூண் நிற்கிறது. முதல் வரிசையில் கதவைப் பார்த்த பக்கத்தை அப்படியே கழற்றி எடுப்பது ஒன்றுதான் வழி. நாற்பத்தெட்டு பேலட் வைக்கும் இடம் போகும். அவற்றில் இருந்த பஞ்சையும் கட்டுத்துணியையும் பின்னால் உள்ள காலி அறையில் வைக்கலாம், அவை நின்று நிதானமாகப் போகிற சரக்கு, அவசரமில்லை என்று அவள் சொன்னாள். எது அவசரமாகப் போகும், எது போகாது என்பது தினமும் போன் எடுப்பதால் தெரிந்ததா, கணவர் சொன்னதைக் கேட்காமல் கேட்டதில் ஒட்டிக்கொண்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளில் கழற்றினார்கள். வாசலில் இருந்த பிளானை மேனேஜர் திங்கட்கிழமை காலை அவள் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார். எடுத்த இடத்தில் தீயணைப்பு விதிகள் தொங்கின.

அன்று காத்து முதல் பேலட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே வளைவாகத் திரும்பியபோது சரக்கு ஏற்றும் ஆட்களில் யாரோ விசில் அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி லாரி பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குக் கிளம்பியது. மறுநாள் ஒன்பது ஐம்பதுக்கு.

பத்து மணிக்குப் பிறகு அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. முதல் நாள் பழக்கத்தில் சிலர் போன் செய்தார்கள். கிளம்பிவிட்டது என்று அவள் சொன்னதை நம்பாமல் இரண்டு முறை கேட்டார்கள். புண்ணியம் சொல்லும் ஸ்டோர்காரர், அப்படியென்றால் இனி எங்கள் டாக்டர் பாடு திண்டாட்டம்தான் என்றார். வியாழக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டரை வரை நேரம் அப்படியே கிடந்தது. இத்தனை வாரமும் நாளின் பாதியை நிரப்பி வைத்திருந்தது அந்தத் தாமதம்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. பேனாக்களை எல்லாம் எழுதிப் பார்த்து, எழுதாதவற்றைக் குப்பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது, வேறு யார் மூலமாகவும் தெரிவதற்கு முன்னால், அவளே சொன்னாள். தூண், கொக்கி, திரைச்சீலை எல்லாவற்றையும். கண்ணாடி போட்ட காகிதம் எடுக்கப்பட்டதையும்.

நாத்தனார் பாத்திரங்களைத் தொடவில்லை. அடுப்படித் திண்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். "நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்பறம்?"

காத்துவைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நாத்தனார் வேறொரு குரலில் கேட்டாள். "எல்லார் கையையும் போய்ப் போய்ப் பாத்தவன், உன் கைய மட்டும் ஏண்டி வந்து பாக்கல?"

இத்தனை வருஷத்தில் அவள் அண்ணியை டி போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. கோபமா, உரிமையா என்று தெரியவில்லை.

"தெரியல," என்றாள் அவள். தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

நாத்தனார் செருப்பைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், போய்வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்பிப் போனாள். புதன்கிழமை வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அவள் இரண்டு பேருக்கு உலை வைத்திருந்தாள், அதைத் திரும்ப ஒருவருக்குக் குறைக்க முடியாது. ஒரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாத்தனார் உள்ளே வந்து, தட்டுகளை எடுத்து வைத்தாள்.